தண்டியில் தொடங்கிய சந்தேகம்

மணாலியிலிருந்து லே போகும் சாலையில் நோயாளிகள் இருவர். ஒருவன் மைத்துனன். மற்றது மோட்டார் சைக்கிள்.

இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பகுதியில் சந்திரா, பாகா என்ற இரண்டு ஆறுகள் கலந்து செனாப் ஆகும் இடம் தண்டி. ஆனால் மோட்டார் சைக்கிள்காரர்களிடையே தண்டி பெயர் பெற்றது சங்கமத்தால் அல்ல, பெட்ரோல் பங்க்கால். அடுத்த பங்க் 365 கி.மீ. தொலைவில் என்று எச்சரித்த பலகை முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் லே போனவர்கள் குறைவு. 2022 ஜூலையில் நானும் எடுத்துக்கொண்டேன். டாங்கை நிரப்பினேன். 10 லிட்டர் கேனையும் நிரப்பினேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு டீ குடித்துத் திரும்பியபோது அது கிளம்ப மறுத்தது.

பதினைந்து உதைகள். வலது காலில் வலிதான் மிச்சம். "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும் அத்தான்" என்றான் பின் சீட்டில் வந்த மைத்துனன். இருவரும் தள்ளினோம். இருபது அடி போனதும் இரண்டாவது கியரில் கிளட்சை விட, எதுவுமே நடக்காததுபோல் ஓடத் தொடங்கியது.

வண்டி 1990களில் வாங்கிய 350 சிசி. ஒற்றை சிலிண்டர், கார்ப்பரேட்டர், பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் உண்டு. பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் 2020 ஏப்ரல் 1இல் அமலான பிறகு புது வண்டிகளில் கார்ப்பரேட்டர் அநேகமாக மறைந்துவிட்டது. எரிபொருளை கணக்குப் பார்த்து செலுத்தும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பழைய வண்டிகளுக்கு இன்னும் ஒரு பெருமை பாக்கி இருக்கிறது. ஸ்குரூடிரைவரும் ஸ்பேனரும் தெரிந்த யாரும் அவற்றை நடுவழியில் சரிசெய்யலாம் என்பதே அது. கூடவே ஒரு தொல்லையும் உண்டு. அந்த யாரோ ஒருவருக்கு வழி நெடுக ஓர் அபிப்ராயமும் இருக்கும்.

மணாலிக்கும் லேவுக்கும் இடையே இப்போது ஏறத்தாழ 430 கி.மீ. 2020 அக்டோபர் 3இல் திறக்கப்பட்ட 9 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை, ரோதாங் கணவாயைச் சுற்றும் வேலையை மிச்சப்படுத்தி 46 கி.மீ. தொலைவைக் குறைத்துவிட்டது. சௌகரியம்தான். ஆனால் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கும் மணாலியில் காலை உணவு சாப்பிட்டவர், உடம்பு எதையும் உணர்வதற்கு முன்பே மலையின் மறுபக்கம் போய்விடுகிறார். அன்றிரவு 3,200 மீட்டரில் உள்ள ஜிஸ்பாவில் தங்கினோம். அங்கே இரண்டு இரவுகள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு மேலே ஏறுவது திட்டம்.

திட்டத்தைக் கெடுத்தது மோட்டார் சைக்கிள். மறுநாள் காலை மறுபடியும் மௌனம். இந்த முறை குற்றவாளி பெட்ரோல் அல்ல, குளிர் என்றார் ஓட்டல்காரர். நான் வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் ஏற்றி, பிளக்கைக் கழற்றிப் புதியதைப் போட்டேன். மூன்றாவது உதையில் கிளம்பியது. 'பழைய பிளக்தான் காரணம்' என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். சற்று நேரம் கழித்துக் கடைக்குப் போகலாம் என்று பார்த்தால், புது பிளக்கோடும் கிளம்பவில்லை.

விட்டு விட்டு வரும் கோளாறின் குணம் இது. நாம் கடைசியாகச் செய்த வேலைக்கு அது பரிசு கொடுத்துவிடும். பிளக் மாற்றியதும் ஓடினால் பிளக், பிரார்த்தனை செய்ததும் ஓடினால் பிரார்த்தனை.

அப்போது ஒரு முடிவு எடுத்தேன். லேயில் நல்ல மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். இங்கே இன்னொரு நாளை வீணாக்காமல், வண்டி ஓடும்போதே ஓட்டிப் போய்விடுவது. இரண்டாவது இரவு ரத்தானது. சாயங்காலம் தங்க இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில், மதியம் தாண்டியதும் சர்ச்சுவுக்குக் கிளம்பினோம். தள்ளித்தான்.

தார்ச்சா தாண்டி ஏற்றம் தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரில் திரும்பும்போது, இரண்டு இடங்களில் எஞ்சின் ஒரு கணம் மூச்சை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தது. ஜிங்ஜிங்பாரில் டீ குடிக்க நிறுத்தினால் பழைய கதை. "உயரம் சார், எல்லா வண்டிக்கும் இங்கே இப்படித்தான்" என்றார் கடைக்காரர். அதில் உண்மையும் இருக்கிறது. 5,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்றுதான் அதிகம். காற்று குறைந்தாலும் கார்ப்பரேட்டர் பழையபடி பெட்ரோலைக் கொடுக்கும். கலவை கெட்டியாகும், கரும்புகை வரும், இழுவை குறையும், கிளப்புவது சிரமமாகும். எல்லாம் சரி. ஆனால் உயரம் ஒரு நிமிடம் இருந்து மறு நிமிடம் காணாமல் போவதில்லை. இருபது அடி தள்ளினால் உயரம் குறைவதும் இல்லை. இதை அப்போது யோசித்திருக்க வேண்டும்.

பாகா ஆறு பிறக்கும் சூரஜ் தால் ஏரியையும் 4,890 மீட்டர் உயரமுள்ள பாராலாசா கணவாயையும் கடந்து, இருட்டும் நேரத்தில் சர்ச்சு போய்ச் சேர்ந்தோம். 4,290 மீட்டர். இமாசலமும் லடாக்கும் சந்திக்கும் சமவெளியில் கூடாரங்கள். சாப்பாட்டைத் தொடாமலே மைத்துனன் படுத்துவிட்டான். "மத்தியானம் சாப்பிட்ட ராஜ்மா ஒத்துக்கலை அத்தான், கேஸ்தான்" என்றான். தலையைப் பிளக்கும் வலி. இரவு 2 மணிக்கு வாந்தி. 4 மணிக்கு இன்னொரு முறை. கேஸ் மாத்திரை கொடுத்தேன்.

விடியும் நேரத்தில் கூடாரத்தின் சொந்தக்காரி எட்டிப் பார்த்தார். லாஹௌலைச் சேர்ந்த நடுவயதுப் பெண்மணி. மைத்துனனை எழுப்பி, தரையில் கிடந்த கயிற்றின் மேல் நேராக நடக்கச் சொன்னார். நடந்தான். "நல்லது. தள்ளாடியிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ஆனாலும் இப்போதே கீழே இறக்குங்கள். மேலே மட்டும் போகாதீர்கள்" என்றார்.

அவர் சொன்னதைத்தான் மருத்துவர்களும் சொல்கிறார்கள். 3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. நான் அவனை ஒரே நாளில் 1,100 மீட்டர் ஏற்றிப் படுக்க வைத்திருந்தேன். உயரத்துக்குப் போன இடத்தில் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை உயரமே காரணம். வண்டியின் கோளாறுக்கு உயரத்தைக் காரணம் சொன்ன நான், மனிதனின் கோளாறுக்கு ராஜ்மாவைக் காரணம் சொல்ல விட்டுவிட்டேன். இரண்டும் தலைகீழ்.

ஆறரை மணிக்குக் கேலாங் போகும் ஜீப் ஒன்றில் ஓர் இடம் கிடைத்தது. ஒரே ஓர் இடம். அவனை ஏற்றிவிட்டு, பின்னாலேயே வருகிறேன் என்று சொல்லி வண்டியை உதைத்தேன். சத்தமில்லை. ஜீப் பாராலாசா பக்கம் திரும்பி மறைந்தது. இடையில் 100 கி.மீ.க்கு மேற்பட்ட தூரமும் ஒரு கணவாயும்.

நான் உதைப்பதைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். அச்சு முறிந்து நின்ற லாரியைச் சரிசெய்யப் பதான்கோட்டிலிருந்து வந்த மெக்கானிக். லாரிக்காரர்கள் அவரை உஸ்தாத் என்றார்கள். கையில் டீ கிளாஸ் மட்டும்தான், கருவி எதுவும் இல்லை.

நான் பெட்ரோல், பிளக், குளிர், உயரம் என்று வரிசையாக ஒப்பித்தேன். அவர் கையமர்த்தினார். "கிளம்பாத கதை வேண்டாம், பாய்சாப். கிளம்பின கதையைச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன்னால் என்ன செய்தீர்கள்?"

சொன்னேன். தண்டியில் தள்ளினோம். ஜிஸ்பாவில் பெரிய ஸ்டாண்டில் ஏற்றி பிளக் மாற்றினேன். பிறகு தள்ளினோம். ஜிங்ஜிங்பாரில் பெரிய ஸ்டாண்டில் ஏற்றி கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றித் துடைத்தேன்.

"நிறுத்தும்போது?"

சைடு ஸ்டாண்டில். ஹேண்டில்பாரை முழுக்க இடப்பக்கம் திருப்பி. எல்லோரும் செய்வதுதான்.

அவர் சிரிக்கவில்லை. சாவியைப் போடச் சொல்லி, ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்மீட்டரைக் காட்டினார். அந்தக் கால வண்டிகளில் சாவியைப் போட்டு மெதுவாக கிக்கரை அழுத்தினால், பாயிண்ட் மூடித் திறக்கும்போது ஆம்மீட்டர் முள் ஒரு துடிப்புத் துடிக்கும். இப்போது துடிக்கவில்லை. ஹேண்டில்பாரை நேராக்கச் சொன்னார். முள் துடித்தது. மறுபடி இடப்பக்கம். முள் செத்துக் கிடந்தது. மூன்று நாட்களாக என் கண்ணெதிரே இருந்த சாட்சி அது. நான் ஒருமுறைகூட விசாரிக்கவில்லை.

ஆனாலும் அவர் ஒரு சாட்சியை மட்டும் நம்புகிறவர் அல்ல. பிளக்கைக் கழற்றி, மூடியில் செருகி, எஞ்சின் தலையில் படும்படி வைத்து உதைக்கச் சொன்னார். ஹேண்டில்பார் நேராக இருந்தபோது நீலப் பொறி. இடப்பக்கம் திருப்பியபோது ஒன்றுமில்லை. பிறகுதான் கருவிப் பெட்டி வந்தது. வண்டியின் கழுத்துப் பகுதியில், சாவி சுவிட்சிலிருந்து காயிலுக்குப் போகும் ஒயரை விரலால் நெருடிப் பார்த்தார். மேலே பிளாஸ்டிக் உறை முழுசாக இருந்தது. உள்ளே செம்பு இழைகள் அறுந்திருந்தன. ஹேண்டில்பார் நேராக இருந்தால் முனைகள் ஒட்டிக்கொள்ளும். முழுக்கத் திருப்பினால் விலகும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக லட்சம் முறை வளைந்த ஒயர் வேறென்ன செய்யும்? தள்ளும்போதும், பெரிய ஸ்டாண்டில் ஏற்றும்போதும் நாங்களே அறியாமல் ஹேண்டில்பாரை நேராக்கியிருக்கிறோம். கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் மூச்சை நிறுத்திய இரண்டு இடங்களும் இடப்பக்கத் திருப்பங்கள். இப்போது நினைவுக்கு வந்தது.

அரை அடி ஒயர், ஒரு சுற்று டேப், பத்து நிமிடம். பணம் கொடுத்தபோது டீக்கு மட்டும் எடுத்துக்கொண்டார். விடைபெறும் முன் அவர் நடத்திய பாடம் எந்த வண்டிக்காரருக்கும் பயன்படும்.

ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு நேரம் காலம் உண்டு என்றார் அவர். நன்றாக ஓடிச் சூடான பிறகு நின்று, ஆறியதும் கிளம்பினால் காயிலைச் சந்தேகப்பட வேண்டும். சில கி.மீ. ஓடி இருமி நின்று, டாங்க் மூடியைத் திறந்தால் சரியானால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பாயிண்ட் அடிக்கடி கருகினால் கண்டென்சர். மழைக்குப் பின் மட்டும் மக்கர் செய்தால் பிளக் மூடியும் அதன் ஒயரும். காலையில் மட்டும் என்றால் குளிரும் கலவையும். முதலில் பொறி, பிறகு பெட்ரோல், கடைசியில்தான் எஞ்சின். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முக்கியமாக, கோளாறு இருக்கும்போது வண்டியை அசைக்கக் கூடாது. "திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது விளக்கைப் போடுங்கள். விரட்டிவிட்டுத் தேடாதீர்கள்" என்றார்.

நண்பகலில் ஜிஸ்பா போனேன். மைத்துனன் கேலாங் மருத்துவமனையில் காட்டிவிட்டு, மாத்திரையோடு முந்தைய ஓட்டலுக்கே திரும்பி வந்திருந்தான். சாயங்காலம் அவனே ரொட்டி கேட்டான். அடுத்த இரண்டு இரவுகளும் அங்கேயே. முதலில் போட்ட திட்டத்தைவிட ஓர் இரவு அதிகம்.

டாக்டர் சரி என்ற பிறகு, மூன்றாம் நாள் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினோம். நடுவில் உயரத்தில் எங்கும் தூங்குவதில்லை என்று ஒப்பந்தம். சர்ச்சுவில் கூடாரக்கார அம்மா டீ கொடுத்துக் காசு வாங்க மறுத்தார். உஸ்தாதும் லாரியும் போய்விட்டிருந்தார்கள். அதற்கு அப்பால் காட்டா லூப்ஸ். 21 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. பழுதான லாரியோடு தனியாக விடப்பட்டு, தாகத்திலும் குளிரிலும் இறந்துபோன ஒரு கிளீனரின் ஆவி தண்ணீர் கேட்பதாக லாரிக்காரர்கள் சொல்லும் கதை. சுற்றிலும் தண்ணீர் பாட்டில்கள் குவிந்திருக்கின்றன. ஆவியை நம்பாதவர்களுக்கும் கதையின் செய்தி புரியும். இந்தச் சாலையில் பழுதான வண்டியோடு ஒரு மனிதனை விட்டுப் போகக் கூடாது. பழுதான மனிதனை வண்டியோடு இழுத்துப் போகவும் கூடாது.

மைத்துனன் ஒரு பாட்டிலை வைத்துவிட்டு வந்தான். நான் வண்டியை சைடு ஸ்டாண்டில் போட்டு, வேண்டுமென்றே ஹேண்டில்பாரை முழுக்க இடப்பக்கம் திருப்பி உதைத்தேன். உயரம் காரணமாக நான்காவது உதைவரை பிடிவாதம். பிறகு கரும்புகையோடு கிளம்பியது. இந்த முறை உண்மையாகவே உயரம்தான்.

5,300 மீட்டருக்கு மேல் இருக்கும் டாங்லாங் கணவாயில் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. இருட்டும் முன் சிந்து நதிக்கரையில் உள்ள உப்ஷிக்கு இறங்கிவிட்டோம். 3,400 மீட்டர். வண்டியை நிறுத்திவிட்டு, "தலை வலிக்குதா மாப்ளே?" என்று கேட்டேன்.

"இல்லை அத்தான்" என்றவன் வண்டியிடம் போய், ஹேண்டில்பாரை ஒருமுறை இடமும் வலமும் திருப்பி ஆம்மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தான்.