பரண் காலி, பல்லாவரம் ஜாலி!

அமெரிக்காவில் 'கராஜ் சேல்' என்று ஒரு வைபவம் உண்டு. வீட்டில் சேர்ந்துபோன வேண்டாத சாமான்களை கார் ஷெட் வாசலில் பரப்பி, விலை எழுதி ஒட்டி, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அக்கம்பக்கத்தார் வந்து பேரம் பேசி வாங்கிப் போவார்கள். யாருக்கும் கூச்சமில்லை.

இதையே மேற்குத் தாம்பரத்தில் செய்து பாருங்கள். முதலில், நமக்கு கராஜ் ஏது? டூ வீலரே மாடிப்படிக்கு அடியில்தான் தூங்குகிறது. அப்படியே வாசலில் நாலு பாத்திரத்தைப் பரப்பினாலும், அடுத்த நிமிஷம் எதிர் வீட்டு மாமி, "என்னப்பா, வீட்டுல ஏதாவது கஷ்டமா?" என்று வந்து நிற்பார். சாயங்காலத்துக்குள் தெருவே கூடி நம்மைத் திவாலாக்கிவிடும்!

அதனால் நம்மவர்கள் கண்டுபிடித்த வழிகள் மூன்று. ஒன்று, ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம். அந்த வண்டிக்காரர்கள் இப்போது அபூர்வம். இரண்டு, போகி. அது கொஞ்சம் விபரீதம். 2018 போகியன்று கொளுத்திய புகையில் மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டிய விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திரும்பிப் போயின. நம் வீட்டுக் கிழிந்த பாய் ஒரு விமானத்தையே ஊர் மாற்றி இறக்கிவிட்டது, பாருங்கள்! மூன்றாவது வழி, பரண்.

எங்கள் வீடு முடிச்சூர் பக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு எங்கள் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. கட்டில், மெத்தை, ஃப்ரிட்ஜ், கல்யாண ஆல்பம் எல்லாம் சேறாகி, தெருமுனையில் மலையாகக் குவிந்தன. தப்பியது பரண் மட்டுமே. அன்றிலிருந்து அம்மாவுக்கு அது பரண் இல்லை, சன்னிதி.

சமீபத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. வரப்போகிறவளின் சாமான்களுக்கு இடம் வேண்டுமே! ஏணியைப் போட்டேன்.

"வெள்ளமே கொண்டு போகாததை நீ கொண்டு போறியாடா?" என்றாள் அம்மா.

மூடியில்லாத ஆறு ஊறுகாய் ஜாடிகள், ஜாடியில்லாத நாலு மூடிகள், கண்ணாடி உடைந்த அரிக்கேன் விளக்கு... இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தும் உடன்பாடு இல்லை. கடைசியில், எல்லாவற்றுக்கும் பின்னால், அப்பாவின் டைப்ரைட்டர்.

ஆபீஸ் விட்டு வந்ததும் ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஊராருக்கு மனு அடித்துக் கொடுப்பார் அப்பா. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. என் காலேஜ் ஃபீஸ் அதில்தான் வந்தது. அவர் போய் ஆறு வருஷமாகிறது. அம்மா முந்தானையால் அதைத் துடைத்தாள். "எடுத்துட்டுப் போ. ஆனா எவ்வளவுக்குப் போச்சுன்னு எனக்குச் சொல்ல வேணாம். யார்கிட்ட போச்சுன்னு சொல்லு."

வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு லீவு. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, அடுத்தது பல்லாவரம். பதினைந்து கிலோ கனம் மடியில். எதிர் சீட்டுப் பெரியவர், "ஹார்மோனியமா தம்பி? எங்கே கச்சேரி?" என்று கேட்டார்.

பல்லாவரம் சந்தை வாரத்தில் ஒருநாள், வெள்ளிக்கிழமை மட்டும், பழைய டிரங்க் ரோட்டில் கூடும். வெள்ளைக்காரன் காலத்தில் மாட்டுச் சந்தையாக இருந்தது என்பார்கள். இன்று கத்தரிக்காயிலிருந்து கம்ப்யூட்டர் வரை கிடைக்கிறது. ஜாரில்லாத மிக்ஸி, டி.வி.யைப் பிரிந்த ரிமோட்டுகள், ஸ்பானர், கட்டில், ரோஜாச் செடி, லவ் பேர்ட்ஸ், பக்கத்திலேயே கருவாடு! மெப்ஸில் வேலை கிடைத்து சானடோரியத்தில் ரூம் எடுக்கும் பிரம்மச்சாரிகள் இங்கே ஒரு நடை வந்தால் போதும், குடித்தனமே வைக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: ஃபேன் வாங்கினால் பிளக்கில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். "நல்லா ஓடும் சார்" என்றால், நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று அர்த்தம்.

முதல் வியாபாரி டைப்ரைட்டரைத் தூக்கிப் பார்த்தார். "இரும்பு ரேட்டுதான் சார். கிலோ கணக்கு."

அடுத்து, கூலிங் கிளாஸ் போட்ட இளைஞர் ஒருவர். காபி ஷாப் திறக்கப் போகிறாராம். "ஷோ பீஸா வைக்கலாம் ப்ரோ. மூவாயிரம் தர்றேன்" என்று செல்போனில் போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

அதற்குள் நரைத்த மீசைக்காரர் ஒருவர் குனிந்தார். கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, ஏ எஸ் டி எஃப் தட்டினார். கேரியேஜைத் தள்ளிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறாராம்.

"பசங்க இன்னும் லோயர், ஹையர் படிக்க வர்றாங்க சார். மெஷின் பண்றதைத்தான் நிறுத்திட்டாங்க. ரெண்டாயிரம்தான் முடியும் என்னால."

ஆயிரம் ரூபாய் வித்தியாசம். எனக்கோ மண்டப அட்வான்ஸ் பாக்கி! ஒரு நிமிஷம் யோசித்தேன். காபி ஷாப்பில் அது சும்மா உட்கார்ந்திருக்கும். சும்மா உட்கார்ந்திருக்க எங்கள் வீட்டுப் பரணே போதுமே! மீசைக்காரரின் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் நானே கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தேன்.

பழைய சாமானை விற்பதில் கஷ்டமே இதுதான் சார். வீட்டில் அதற்கு ஞாபகம்தான் விலை, சந்தையில் இரும்புதான் விலை. அதை வேலை வாங்குகிற ஆள் ஒருத்தர் கிடைத்துவிட்டால் இரண்டு கணக்கும் நேராகிவிடுகிறது. போகியில் கொளுத்துவதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்கள்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "எத்தனை பசங்க படிக்கிறாங்களாம்?"

"ஒரு பேட்ச்சுக்குப் பத்துப் பேராம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு எழுந்து உள்ளே போனவள், அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை லீவு கிடைக்குமாடா? ஜாடியெல்லாம் அலம்பி வைக்கிறேன். மூடி மட்டும் இருக்கட்டும்!"