வெம்மைக்கு ஒரு வழி

அடுப்பில் இருக்கும்வரை நெருப்பு நமக்கு ஏவலாள். கூரையில் ஏறிவிட்டாலோ பகைவன். மோட்டார் வண்டியின் எஞ்சினுள் எரியும் நெருப்பும் இத்தகையதே. பெற்றோல் எரிவதால் உண்டாகும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு அளவே பழைய வண்டிகளின் சில்லுகளைச் சுழற்றப் பயன்படுகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கழிவுப் புகையோடு வீணே வெளியேறுகிறது. அப்புகை முதலிற் புகும் இடம், எஞ்சினின் பக்கத்திற் பூட்டப்பட்ட கிளைகள் கொண்ட வார்ப்பிரும்புக் குழாய். அதனை எக்ஸோஸ்ற் மனிபோல்ட் என்பர். சோறு கொதிக்கும் நீரின் வெப்பம் 100 பாகை செல்சியஸ். மனிபோல்ட்டினூடே செல்லும் புகையின் வெப்பமோ 400 முதல் 800 பாகை வரை ஏறவல்லது.

காங்கேசன்துறை வீதியிலே ஒரு காலத்தில் மிகுதியாக ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வண்டிகளின் பொனற்றைத் திறந்து பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். மொறிஸ் மைனரிலே எரிபொருட் கலவை உட்செல்லும் குழாயும் கழிவுப் புகை வெளிவரும் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று ஒட்டினாற்போல அமைந்திருக்கும். காபரேற்றரோ அவற்றுக்கு மேலே வீற்றிருக்கும். இஃது அறியாமையால் நேர்ந்த அமைப்பன்று. இங்கிலாந்தின் குளிரிலே பெற்றோல் எளிதில் ஆவியாகாது. ஆதலின் கழிவு வெப்பத்தின் ஒரு சிறு பகுதியை உட்குழாய்க்குக் கடனாகக் கொடுத்தனர் அந்நாட்டுப் பொறியியலாளர்.

அங்கே உதவியாயிருந்தது இங்கே உபத்திரவமாயிற்று. பெற்றோலின் மெல்லிய கூறுகள் 40 பாகைக்கு உள்ளேயே கொதிக்கத் தொடங்குபவை. சித்திரை வெயிலிலே மாவிட்டபுரம் கந்தனைத் தரிசித்துவிட்டுக் கால்மணி நேரத்தில் திரும்பிவந்தால், நன்றாக ஓடிவந்த வண்டி உயிர்பெற மறுக்கும். ஓடும்போது காற்று வெம்மையை அள்ளிச் செல்கிறது. வண்டி நின்றதும் காற்றும் நின்றுவிடுகிறது. மனிபோல்ட்டின் சூடு மேலெழுந்து காபரேற்றரைச் சுடவைக்கிறது. சாரதிமார் பொனற்றை உயர்த்திவைத்து, பெற்றோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிக் காத்திருந்ததன் காரணம் இதுவே.

அவ்வாறு வசைபெற்ற வெம்மை, வாழ்த்துப் பெற்ற காலமும் ஒன்று வந்தது. 1990 ஆம் ஆண்டு ஆனியில் மீண்டும் போர் மூண்டது. காங்கேசன்துறை மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடுக்கப்பட்டது. எமது தந்தையாரின் மொறிஸ் மைனரும் எம்மோடு இடம்பெயர்ந்து, ஏனைய வண்டிகளைப் போல மண்ணெண்ணெய் குடிக்கப் பழகிற்று. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 பாகைக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்கும். குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. எனவே சிறு போத்தலில் உயிரைப்போற் காத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரின் வாயில் விட்டு எஞ்சினை முடுக்குவர். மனிபோல்ட் சூடேறியதும் மண்ணெண்ணெய் ஆவியாகி எரியத் தொடங்கும். போத்தலைப் பிடித்துக்கொள்வது பள்ளிச் சிறுவராயிருந்த எமது பணி. “நிப்பாட்டினால் ஆறிப்போகும்” என்று சொல்லித் தந்தையார் இடைவழியில் எஞ்சினை நிறுத்தவே மாட்டார். வெண்புகை கக்கி, தொண்டையைக் கரிக்கும் மணத்தோடு ஓடிய அவ்வண்டிகளே பிரசவ வேதனையுற்ற தாய்மாரையும் நோயாளரையும் வைத்தியசாலை சேர்த்தன.

உலகம் இதனை முன்னரும் அறிந்திருந்தது. 1949 ஆம் ஆண்டில் வந்த பேர்கூசன் உழவு இயந்திர வகையொன்று, பெற்றோலில் உயிர்பெற்றுச் சூடேறியபின் மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயில் ஓடுமாறு அமைக்கப்பட்டிருந்தது. நம்மவரோ தொழிற்சாலையின் துணையின்றித் தேவையை ஆசானாகக் கொண்டு கற்றனர். ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே கசிந்து எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும் என்பதையும், எண்ணெயை அடிக்கடி மாற்றவேண்டும் என்பதையும் அனுபவமே உணர்த்திற்று.

இன்று அப்பழைய வண்டிகளைத் திருத்தி ஓட்டும் ஆர்வம் இளைஞரிடையே காணப்படுகிறது. மனிபோல்ட்டின் சூட்டை எவ்வாறு அடக்குவது என்று எம்மிடம் பயிலும் மாணவர் சிலரும் வினவுகின்றனர். அடக்க இயலாது, வழிகாட்டவே இயலும் என்பதே எமது விடை. நமதூர்ச் சிமெந்துத் தொழிற்சாலையையே எடுத்துக்கொள்வோம். 1990 இல் போரால் மூடுண்ட அத்தகைய ஆலைகளின் சூளையினுள்ளே மூலப்பொருள் 1,450 பாகை வரை சூடாகவேண்டும். ஆயினும் வெளியேயுள்ள இரும்பு உருகுவதில்லை. உள்ளே பதித்த தீச்செங்கல் காக்கிறது. வெப்பம் செல்லும் வழிகள் மூன்று. காவலும் மூன்று வகைப்படும். தொட்டுப் பரவும் சூட்டைத் தடுக்கக் காபரேற்றருக்கும் குழாய்க்கும் இடையே வெப்பங்கடத்தாத கட்டை வேண்டும். கதிராகப் பாயும் சூட்டைத் தடுக்கப் பளபளப்பான தகடொன்றை, இடைவெளி விட்டுப் பொருத்தவேண்டும். காற்றோடு எழும் சூட்டுக்கு வெளியேறும் பாதை வேண்டும். மனிபோல்ட்டைச் சுற்றிக் கட்டும் கண்ணாடியிழை நாடாவும் உதவும். ஆனால் அது சூட்டை உள்ளே தேக்குவதால் பழைய வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும். முற்காலத்தில் அதற்குப் பயன்பட்ட கல்நார் நுரையீரலுக்கு நஞ்சு; பழைய வண்டிகளில் அதனைக் கண்டால் உதறவோ சுரண்டவோ கூடாது.

வெந்த மனிபோல்ட்டின்மேல் தண்ணீர் ஊற்றுவதும் ஆகாது, இரும்பு பிளந்துபோம். வெடிப்புற்ற பெற்றோற் குழாயையும் எண்ணெய் கசியும் மூடியையும் உடனே மாற்றுக; மனிபோல்ட்டின்மேல் வீழும் துளி தீயாக மாறுவதற்கு நேரம் வேண்டியதில்லை. நெடுநாள் நின்ற வண்டியாயின், எலி கூடுகட்டச் சேர்த்த தும்பையும் சருகையும் அகற்றிய பின்னரே எஞ்சினை இயக்குக. புதிய வண்டி வைத்திருப்போருக்கும் ஒரு சொல்: அடியிலுள்ள புகைச்சுத்திகரிப்பானும் கடுஞ்சூடானதே, கோடையிற் காய்ந்த புல்லின்மேல் வண்டியை நிறுத்தற்க.

மண்ணெண்ணெயில் வண்டி செலுத்திய சாரதிமாரும் மெக்கானிக்குகளும் இன்று முதியோராகிவிட்டனர். அவர்கள் கற்றது எந்தப் பாடநூலிலும் முழுமையாக இல்லை. அருகிலுள்ள மாணவர்கள் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு மாலைவேளையில் அவர்கள் திண்ணைக்குச் செல்வாராக. வெப்பவியலின் ஓர் அத்தியாயத்தை நல்ல யாழ்ப்பாணத் தமிழிலே கேட்டுவரலாம்.