நாகபுரியிலிருந்து நெல்லைக்கு நாய்களுடன்

விடுமுறைக்கு ஊர் செல்வது எங்களைப் போன்று அயல் மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதுமையன்று. பயணச்சீட்டுக்கு முன்பதிவு செய்வதும், புளியோதரை கட்டிக்கொள்வதும், பெட்டி படுக்கைகளை எண்ணிப் பார்ப்பதும் ஆண்டுதோறும் நிகழ்பவை. ஆயின் வரும் பொங்கலுக்கு நாங்கள் மேற்கொள்ளவிருக்கும் பயணம் வேறு வகையானது. இருப்புப்பாதையின் உப்பைத் தின்று வளர்ந்த குடும்பம் எங்களுடையது. தந்தையார் இரயில்வேயில் பணியாற்றினார்; நாங்களும் இன்று அங்கேயே எழுத்தராக இருக்கிறோம். அத்தகைய நாங்கள் இரயிலை விடுத்துச் சாலை வழியே ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர் செல்லத் துணிந்துவிட்டோம். அலுவலக நண்பர்கள் நகைக்கின்றனர். நகைக்கட்டும். காரணத்தைக் கேட்டால் அவர்களும் ஒப்புவர்.

தாமிரவருணிக் கரையில், சேரன்மாதேவிக்கு அருகில் உள்ள எங்கள் பூர்வீக வீடு வரும் தை மாதத்திற்குப் பின் கைமாறுகிறது. பங்காளிகள் அனைவரும் கலந்து செய்த முடிவு அது, குறை கூறுவதற்கில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஊரில் எவரும் இல்லை. "விற்கிறதை வித்துக்கோங்க. அந்த முத்தத்துல ஒரே ஒரு தடவை பொங்கப்பானை வச்சுட்டு வந்துருதேன்" என்றார் எங்கள் தாயார். மறுக்க யாருக்கு மனம் வரும்?

அடுத்து அவர் கூறியதுதான் எங்களைச் சிந்திக்க வைத்தது. "மணியும் வரணும்." மணி என்பது எங்கள் வீட்டு நாய். பதினோரு ஆண்டுகளுக்கு முன் தந்தையார் இரவுப் பணி முடிந்து வருகையில், நடைமேடையில் மழையில் நனைந்து கிடந்த குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அன்று முதல் தாயாரின் கட்டிலடியே மணியின் இருப்பிடம். போதாக்குறைக்குச் சென்ற ஆண்டு பிள்ளைகள் தெருவிலிருந்து மோதி என்ற குட்டியையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். ஒன்றை விட்டு ஒன்று உண்பதில்லை. எனவே இரண்டும் வந்தாக வேண்டும்.

இரயிலில் நாய்களைக் கொண்டு செல்ல இயலாதா என்று அன்பர்கள் வினவலாம். இயலும். ஆனால் விதிகளை நாள்தோறும் பிறர்க்கு எடுத்துரைக்கும் எங்களுக்கு அவற்றின் அருமை தெரியும். குளிர்சாதன முதல் வகுப்பில் இருவர் அறையையோ நால்வர் அறையையோ முழுமையாகப் பதிவு செய்துகொண்டால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். எங்களுக்குரிய பாஸ் அவ்வகுப்புக்குச் செல்லாது. பணம் கொடுத்து வாங்க ஊதியமும் எட்டாது. இரண்டடுக்கு, மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டிகளிலும், தூங்கும் வசதிப் பெட்டியிலும் நாய்க்கு இடமில்லை. எஞ்சியிருப்பது கார்டு வண்டியில் உள்ள நாய்ப்பெட்டி. இளமையும் துணிவும் உள்ள நாய் அதில் சென்றுவிடும். இதயம் தளர்ந்த பதினோரு வயதுக் கிழத்தை, முகம் அறியாத இருட்டறையில், ஓர் இரவுக்கு மேல் அடைத்து வைக்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

"அத்தை, வழியில அதுக்கு ஏதாவது ஆயிட்டா?" என்று எங்கள் இல்லத்தரசி மெல்லக் கேட்டார்.

"வழியில ஆனா நாம கூட இருப்போம். பெட்டிக்குள்ள ஆனா யாரு இருப்பா?" என்றார் தாயார். அத்துடன் வழக்குத் தீர்ந்தது.

மேனாட்டார் படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி முதலியன அமைந்த வண்டியில் குடும்பத்தோடு நெடுந்தொலைவு செல்வதைப் பெரும் பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர். அவ்வண்டியைக் கேம்பர் என்றும் கேரவன் என்றும் கூறுவர். எண்ணிப் பார்த்தால் நமக்கும் இது அயலானதன்று. ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் மலைமேல் உள்ள சொரிமுத்து ஐயனார் கோவிலுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போனதையும், அங்கேயே குடில் அமைத்து நாட்கணக்கில் தங்கியதையும் தாயார் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வார். வண்டியின் அச்சடியில், நிழல் விழும் இடமாகப் பார்த்து வீட்டு நாய் நடந்துவருமாம். மாட்டுக்குப் பதில் டீசல் வந்திருக்கிறது, வேறென்ன?

எங்களுக்கு வாய்த்த கேம்பர், மைத்துனர் தம் சொந்த உபயோகத்திற்கு வைத்திருக்கும் பழைய ஒன்பது இருக்கை வேன். உள்ளே கட்டில் அடித்து, கூரையை உயர்த்தி, சன்னல்களை மாற்றிவிடலாம் என்பது அவருடைய முதல் எண்ணம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே ஆணி அடிக்காமலும் பற்றவைக்காமலும், கையால் எடுத்து வைக்கக் கூடியவற்றை மட்டுமே கொண்டோம். இரவில் இருக்கைகளை மடித்து, இரண்டு பலகைகளைக் குறுக்கே இட்டு, இலவம்பஞ்சு மெத்தை விரித்தால் பெண்டிரும் பிள்ளைகளும் படுக்கலாம். ஆடவர் இருவருக்கும் முன் இருக்கைகள் உள. வண்டி ஓடும்போது பலகைகள் கட்டப்பட்டிருக்கும். அனைவரும் பட்டையணிந்து அமர்ந்திருக்க வேண்டும். சமையல் எரிவாயு உருளையை எடுத்துக்கொள்வதில்லை என்றும் முடிவு செய்தோம். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அது வேண்டாத விருந்தாளி. மிளகாய்ப்பொடி தடவிய இட்டிலி முதல் நாளைக்கு. புளியோதரை மறு நாளைக்கு. பின்னர் வழியில் கிடைப்பது.

காலத்தைத் தேர்வதில்தான் பெருங்கவனம் தேவைப்பட்டது. பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை கோடையில்தான். ஆனால் மே மாதத்து நாகபுரி வெயில் 45 பாகையை எளிதில் எட்டும். நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஐப்பசியில் புறப்பட்டால் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை. ஆகவே தை மாதமே எல்லாவற்றிற்கும் உகந்தது. பிள்ளைகளின் பள்ளியில் விடுப்புக் கேட்டு முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிட்டோம்.

வழி மிக எளிது. முன்பு 7-ஆம் எண்ணால் அழைக்கப்பெற்று, 2010-ஆம் ஆண்டு எண் மாற்றத்திற்குப் பின் 44-ஆம் எண் பெற்ற தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியே சென்று திருநெல்வேலியையும் தொட்டுக் கன்னியாகுமரியில் முடிகிறது. சீநகரில் தொடங்கும் அச்சாலையின் தென்பாதி எங்களுக்கு. அதனை ஐந்து பகலாகப் பிரித்துக்கொண்டோம்.

முதல் நாள் நாகபுரியிலிருந்து ஹிங்கன்காட், ஆதிலாபாத் வழியாக நிர்மல் வரை, ஏறக்குறைய 275 கிலோமீட்டர். மரப் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. எடையற்ற பொனிகி மரத்தில் கடைந்து வண்ணம் தீட்டுவர். கொலுவுக்கு ஒன்றேனும் வாங்க வேண்டும் என்பது இல்லத்தரசியின் கட்டளை. இரண்டாம் நாள் ஐதராபாத்து நகருக்குள் நுழையாமல் வெளிவட்டச் சாலையைப் பற்றிக்கொண்டு கர்னூல் வரை, 430 கிலோமீட்டர். ஐந்து நாட்களில் நீண்ட பகல் இதுவே. மூன்றாம் நாள் அனந்தப்பூரைக் கடந்து, சாலையிலிருந்து சற்று விலகி லேபாட்சி. பின்னர் திப்பு சுல்தான் பிறந்த தேவனஹள்ளியில் தங்கல். மறுநாள் கதிரவன் எழுமுன்னரே பெங்களூரைத் தாண்டிவிட வேண்டும் என்பதற்காகவே இவ்வேற்பாடு. நான்காம் நாள் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர் வழியாகத் திண்டுக்கல். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் விபத்துகள் மிகுதி. அங்கு விசையைக் குறைத்துத் தாழ்ந்த கியரிலேயே இறங்குவதென உறுதி. ஐந்தாம் நாள் மதுரை, விருதுநகர், கோவில்பட்டி, நெல்லை.

பிள்ளைகளுக்கு வழி நெடுகிலும் அலுப்புத் தட்டாதிருக்க ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறோம். இச்சாலை கடக்கும் ஆறுகளுள் பத்து இவை: வர்தா, பென்கங்கா, கோதாவரி, கிருஷ்ணா, துங்கபத்திரை, வடபெண்ணை, தென்பெண்ணை, காவிரி, வைகை, தாமிரவருணி. ஒவ்வொரு பாலத்திலும் ஆற்றின் பெயரையும் நீர் இருந்த அளவையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பென்கங்கா வர்தாவோடு கூடுவதும், வர்தா வைன்கங்காவோடு கூடிப் பிராணஹிதா ஆவதும், அது கோதாவரியில் கலப்பதும் ஆகிய செய்திகளை மகன் இப்போதே மனப்பாடம் செய்துவிட்டான். ஆக, நாங்கள் முதலில் கடக்கும் மூன்று பாலங்களின் நீரும் இறுதியில் ஒரே நீர்தான். நாகபுரியில் பிறந்த அவனுக்குத் தாமிரவருணி இதுவரை ஒரு சொல் மட்டுமே. பத்தாவது பாலத்தில் அது ஆறாகும்.

நாய்களுக்கான ஆயத்தங்களைச் சற்று விரித்தே கூற வேண்டும். கால்நடை மருத்துவரிடம் காட்டி, வெறிநோய்த் தடுப்பூசி போட்டுச் சான்று பெற்றோம். மணியின் இதயத்திற்கான மாத்திரைகள் பத்து நாட்களுக்கு மிகுதியாகவே உள்ளன. கழுத்துப் பட்டையில் பெயரும் எங்கள் தொலைபேசி எண்ணும் பொறித்த தகடு. புறப்படும் முன் வயிறு நிறைய உணவில்லை; மாலையில் வண்டி நின்ற பின்னரே முழு உணவு. நம் உணவையே பகிர்ந்தளிக்கும் வழக்கத்திற்கும் ஓர் எல்லை உண்டு. வெங்காயம் நாய்க்கு நஞ்சு. திராட்சையும் சாக்லேட்டும் அவ்வாறே. சாம்பார் சோற்றை ஆசையோடு உருட்டிப் போடும் ஆச்சியிடம் இதை எடுத்துரைக்கப் பேரப்பிள்ளைகளே தேவைப்பட்டார்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்தம். நீரும் நடையும் நாய்களுக்கு, ஓய்வும் ஆள் மாற்றமும் ஓட்டுநருக்கு. கதவைத் திறக்கும் முன் கயிறு கையில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றினும் தலையாயது, மூடிய வண்டிக்குள் நாயை விட்டுச் செல்லாமை. வெளியே 30 பாகை வெயில் என்றால், நிறுத்திய வண்டிக்குள் அரை மணியில் 50 பாகையை நெருங்கிவிடும். சன்னலைச் சிறிது திறந்துவைப்பதால் பயன் மிகுதியில்லை. ஆகவே லேபாட்சி வீரபத்திரர் கோவிலுக்குள் இருவர் செல்லும்போது இருவர் மரநிழலில் நாய்களோடு இருப்பர். பிறகு முறை மாறும். ஊர்ப்புறத்தில் உள்ள 27 அடி நீள ஒற்றைக்கல் நந்தியை மட்டும் அனைவரும் தொலைவிலிருந்து ஒன்றாகவே கண்டு களிக்கலாம்.

ஏட்டில் எழுதியதைச் சாலையில் சோதிக்க எண்ணிச் சென்ற திங்கள் ஒரு ஞாயிறன்று இராம்டேக் வரை சென்று வந்தோம். ஐம்பது கிலோமீட்டர்தான். காளிதாசரின் மேகதூதத்து இராமகிரி இதுவே என்பர். மலைமேல் இராமர் கோவில். வழியெல்லாம் கருமுகக் குரங்குகள். அவற்றுள் ஒன்று வேனின் மேலேறி அமர்ந்ததுதான் தாமதம்; மோதி குரைத்த குரைப்பில் நீர்க்குடம் கவிழ்ந்தது, மெத்தை நனைந்தது, இட்டிலிப் பொட்டலம் குரங்கின் கைக்குப் போயிற்று. மகள் அழுதாள். மைத்துனர் சிரித்தார். நாங்கள் கற்றது மூன்று: நீரைச் சிறு சிறு கலங்களில் மூடியிட்டு வைக்க வேண்டும், உணவைத் தகரப் பெட்டியில் பூட்ட வேண்டும், மோதிக்குச் சன்னலோர இடம் ஆகாது.

மணியோ இவ்வளவு ஆரவாரத்திலும் எழவில்லை. ஒரு கணம் எங்களுக்கு நெஞ்சு துணுக்குற்றது. தாயார் குனிந்து அதன் விலாவில் கை வைத்துப் பார்த்தார். "தூங்குதான்" என்றார். அவர் புடைவைத் தலைப்பின்மேல் தலை வைத்து அது நன்றாகவே உறங்கிக்கொண்டிருந்தது. திரும்பும் வழியில் எவரும் அதிகம் பேசவில்லை. ஆனால் பயணம் உறுதியாயிற்று என்பதை அனைவரும் அறிந்தோம்.

செலவுக் கணக்கையும் மறைப்பதற்கில்லை. போக வர ஏறக்குறைய 3,500 கிலோமீட்டருக்கு, லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் தரும் இவ்வண்டிக்கு 350 லிட்டர் டீசல். சுங்கச் சாவடிகளுக்காக ஃபாஸ்டாக் கணக்கில் பணம் நிரப்பியாயிற்று. நெடுஞ்சாலை உதவிக்கான 1033 என்னும் எண்ணைச் சன்னலருகே எழுதி ஒட்டியுள்ளோம். செலவில் பாதியைத் தாயார் தம் குடும்ப ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வேண்டாம் என்றோம், "அவுக பணம்தானே, அவுக நாய்க்கு ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

விளக்கு வைத்த பின் வண்டி ஓட்டுவதில்லை என்பது எங்கள் கடைசி விதி. ஆதலின் நிர்மல், கர்னூல், தேவனஹள்ளி, திண்டுக்கல் ஆகிய ஊர்களில் வாழும் நம் அன்பர்கள் எவரேனும், ஒரு வேன் நிற்கும் அளவு முற்றமும், கிணற்றடியோ குழாயடியோ உடையவராயின், சங்கத்தின் வழியே தெரிவிக்க வேண்டுகிறோம். கட்டில் வேண்டா; விருந்து வேண்டா. இரண்டு நாய்களைக் கண்டு முகம் சுளிக்காதிருந்தால் போதும்.

பொங்கற்பானையைத் தாயார் இப்போதே துணியில் சுற்றிப் பலகைக்கு அடியில் வைத்துவிட்டார். அதனருகே மடித்து வைத்திருக்கிறது தந்தையாரின் பழைய துண்டு. மணிக்கு விரிப்பதற்காம்.