தீக்குச்சி

70 கொண்டை ஊசி வளைவு ஏறி காலையில் செம்மேட்டில் இறங்கியபோது பேஸ் கித்தாரின் தடித்த ஈ கம்பி சுருதி விட்டிருந்தது. ராத்திரி வாசிக்கணும். குமிழைத் திருகினால் ட்யூனரே தலைப்பலகையில் ஆடியது. பல்சக்கரம் தேய்ந்துவிட்டதோ என்று பயந்தேன். இல்லை, பின்பக்கத் திருகாணி ஒன்று மரத்தில் பிடிக்காமல் சும்மா சுற்றியது.

இது ஓரியின் மலை. அவனைத் தேடி வந்த பாணர்களின் யாழில் திருகாணி ஏது? கோட்டில் வார்க்கட்டு, திவவு. ஏறி வருவதற்குள் அதுவும் தளர்ந்திருக்கும்.

கம்பியைத் தளர்த்தி ஆணியைக் கழற்றினேன். கூடவே ஒரு மரத்துணுக்கு வந்தது. பழைய தீக்குச்சி. அண்ணன் வைத்தது. கித்தாரை என்னிடம் விட்டுவிட்டு துபாய் போனவன். ‘ஓட்டை கித்தாரைத் தலையில கட்டிட்டான்’னு ஆறு வருஷமா திட்டிக்கிட்டிருந்தேன். சரிபண்ணித்தான் கொடுத்திருக்கிறான்.

டீக்கடையில் தீப்பெட்டி வாங்கினேன். மரக்குச்சிதான் வேணும், மெழுகுக்குச்சி உதவாது. மருந்தைக் கிள்ளிவிட்டு, தச்சரிடம் வாங்கிய மரப்பசையில் தோய்த்து இரண்டு குச்சியைத் துளையில் அடைத்து ஒடித்தேன். சாயங்காலம்வரை காயவிட்டு, அளவாக முடுக்கினேன். சுருதியைக் கீழேயிருந்து ஏற்றித்தான் நிறுத்தணும். இறக்கி நிறுத்தினால் பல்லிடுக்கின் தொய்வில் நழுவிவிடும்.

ஈ, 41 ஹெர்ட்ஸ். காதைவிட வயிற்றில்தான் தெரியும். நின்றது.

அண்ணனுக்கு போன் போட்டேன்.

“மேல் ஆணியா, கீழ் ஆணியாடா?” என்றான்.