கனமில்லாத துப்பாக்கி நடிக்காது

சினிமாவுக்கு டம்மி ஆயுதம் செய்பவனிடம் எதிர்காலத் துப்பாக்கி கேட்டு வருபவர்கள், "இதுவரை யாரும் பார்க்காத மாதிரி இருக்கணும்" என்பார்கள். அவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது 1986-ல் வந்த 'ஏலியன்ஸ்'. அதில் விண்வெளி மரைன்கள் ஏந்தும் எம்41ஏ பல்ஸ் ரைஃபிள், பழைய துப்பாக்கிகளை ஒட்டுப்போட்டுச் செய்தது.

படத்தின் இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் வடிவத்தை யோசித்தார். லண்டன் பாப்டி நிறுவனத்தின் ஆயுதக் கலைஞர் சைமன் ஆதர்டன் செய்து கொடுத்தார். உள்ளே இருப்பது இரண்டாம் உலகப்போர்க் கால தாம்சன் சப்மெஷின் கன். அதன் அடியில் ரெமிங்டன் 870 ஷாட்கன். கதையில் அதுதான் 30 மில்லிமீட்டர் கிரெனேட் லாஞ்சர். முன்பிடிக்கு இத்தாலியின் ஸ்பாஸ்-12 ஷாட்கன் கொடுத்த பாகங்கள். எல்லாவற்றையும் மூடி ஓர் உறை.

இப்படி ஒட்டுப்போடுவது சிக்கனம் மட்டுமல்ல. தாம்சன் தனியாகவே ஐந்து கிலோவை நெருங்கும். அதைத் தூக்கியவரின் முழங்கை தானாக விலாவோடு ஒட்டும். திரும்பும்போது இடுப்பும் சேர்ந்து திரும்பும். வெற்றுத் தோட்டா வெடித்தால் குழல் வாயில் நெருப்பு, தோளில் அதிர்வு, முகத்தில் சுளிப்பு எல்லாம் சொல்லிக்கொடுக்காமலே வரும். ஃபைபர் டம்மியைக் கொடுத்தால் நடிகர் கனத்தையும் சேர்த்து நடிக்க வேண்டும். மணிக்கட்டு லேசாகச் சுழலும் அந்த ஒரு நொடியில் கேமரா காட்டிக்கொடுத்துவிடும்.

ஒட்டுப்போட்டதற்கு விலையும் உண்டு. கதைப்படி இது உறையில்லாத 10 மில்லிமீட்டர் தோட்டா சுடுவது. தாம்சனோ ஒவ்வொரு வேட்டுக்கும் பித்தளை உறையைத் துப்பும். அதை மறைப்பது கேமராக் கோணத்தின் பாடு. ஆனாலும் சுடாத அழகான பொம்மையைவிட, பொய்யைக் கொஞ்சம் கக்கும் நிஜ இயந்திரமே மேல்.

பக்கவாட்டில் சிவப்பு எண்களில் மிச்சத் தோட்டாவைக் காட்டும் கவுண்ட்டர் இருக்கிறதே, அதுதான் இதில் உண்மையான கண்டுபிடிப்பு. எண் இறங்க இறங்கப் பார்ப்பவருக்கும் பதற்றம் ஏறும். ஒரு வரி வசனம் மிச்சம்.

பெயிண்ட் விஷயம் எங்கள் ஆட்களுக்கு மட்டும். பலர் பச்சை என்று நினைக்கும் இந்தத் துப்பாக்கி உண்மையில் பழுப்பு. நீல விளக்கில் நிறம் மாறித் தெரிகிறது. இதன் நகல் செய்பவர்கள் பழுப்பு அடித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நான் அதன் பிறகுதான் உப்புத்தாளை எடுப்பேன். உள்ளங்கை உரசும் பம்ப் பிடியின் விளிம்பு, மேகசின் செருகும் வாய், தரையில் ஊன்றும் அடிக்கட்டையின் முனை ஆகிய இடங்களில் மட்டும் உலோகம் எட்டிப்பார்க்கும்வரை தேய்க்க வேண்டும். கை படாத இடத்தில் தேய்த்தால் அது பழசாகத் தெரியாது, பொய்யாகத் தெரியும்.

படத்தின் கடைசியில் கதாநாயகி ரிப்ளி இந்த ரைஃபிளோடு ஒரு நெருப்பு வீசியை டேப் சுற்றிக் கட்டிக்கொண்டு கிளம்புவாள். பட்டறையில் ஆதர்டன் செய்ததையே அவளும் செய்கிறாள் என்பதால் அது துளியும் உறுத்துவதில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: கம்ப்யூட்டரில் வரைவதற்கு முன் அந்தக் கனத்தில் ஓர் இரும்புக் குழாயை நடிகர் கையில் கொடுத்து ஓடச் சொல்லுங்கள். பிடி எங்கே வர வேண்டும் என்பதை அவர் உடம்பே சொல்லும். வடிவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.