இறங்கத் தெரிந்த வண்டி

ஊவா நாட்டின் எழிலைப் பற்றி எழுதாத பயணிகள் அரியர். துன்ஹிந்தை அருவியும், எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே நிற்கும் ஒன்பது வளைவுப் பாலமும், முகில் சூடிய நமுனுகுல மலையும் எழுத்திலும் படத்திலும் போதிய அளவு இடம்பெற்றுவிட்டன. ஆயின், அவ்வெழிலின் நடுவே குடியிருப்போர் நாள்தோறும் எண்ணிப் பார்க்கும் விஷயம் வேறொன்று. கொழுந்தையும் மரக்கறியையும், வேளை வந்தால் நோயாளியையும், இந்த மலைகளிலிருந்து பத்திரமாக இறக்கிக்கொண்டு வரக்கூடிய வண்டி எது என்பதே அது. பதுளையிலும் பண்டாரவளையிலும் தேநீர்க் கடைகளில் நான்கு பேர் கூடினால், அரசியலுக்கு அடுத்தபடியாக இப்பேச்சே எழக் காணலாம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு 2025 தொடக்கத்தில் மீண்டும் வழி திறக்கப்பட்டதும் இப்பேச்சுக்குப் புது வேகம் பிறந்தது. இடையிலிருந்த ஐந்தாண்டுக் காலத்தில், ஓடித் தேய்ந்த பழைய பிக்அப் வண்டிகள்கூடத் தாம் வாங்கப்பட்ட விலையினும் அதிக விலைக்குக் கைமாறின. இப்போது புது வண்டி கிடைக்கின்றது. விலையோ, வரியெல்லாம் சேர்ந்து, பெயர்பெற்ற ஜப்பானிய டபுள் கெப் ஒன்றுக்கு ஒரு கோடி ரூபாவையும் தாண்டிச் செல்கின்றது. இத்துணைப் பெருந்தொகையைக் கொடுப்பவன், அல்லது லீசிங் முறையில் மாதந்தோறும் கட்ட உடன்படுபவன், அவ்வண்டியிடம் எதை எதிர்பார்க்கின்றான்? அதனை அறிய விரும்புவோர் முதலில் இந்நாட்டின் நில அமைப்பை நோக்குதல் வேண்டும்.

ஊவா, 1886 ஆம் ஆண்டில் தனி மாகாணமாக வகுக்கப்பட்டது. பதுளையும் மொனராகலையும் அதன் இரு மாவட்டங்கள். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வருபவர் பெரகலைச் சந்தியில் இடப்புறம் திரும்பி, அப்புத்தளைக்கு ஏறுகின்றார். அப்புத்தளை ஏறத்தாழ 4,700 அடி உயரத்திலுள்ளது. அங்கிருந்து பண்டாரவளை, ஹாலிஎல வழியே சுமார் 40 கிலோமீற்றர் சென்றால் 2,200 அடி உயரத்திலுள்ள பதுளையை அடையலாம். ஆக, இந்தச் சிறு தொலைவுக்குள் வண்டி 2,500 அடி கீழிறங்குகின்றது. பதுளையைக் கடந்து பசறை, மடுல்சீமை, லுணுகலைப் பக்கம் செல்வோர்க்கு மீண்டும் மலையும் வளைவுமே காட்சி தரும். இவையெல்லாம் பெருவீதிகள். இவற்றினின்றும் பிரியும் தோட்டத்து வீதிகளோ, தார் கரைந்து கல் தெரிய, ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் பள்ளமுமாய்த் தேயிலைச் செடிகளினூடே வளைந்து வளைந்து செல்வன.

இந்நாட்டில் போக்குவரத்து எக்காலத்தும் எளிதாயிருந்ததில்லை. முற்காலத்தில் எருதுகளின் முதுகில் பொதியேற்றி வரிசையாக ஓட்டிச் செல்லும் தவளங்களே உப்பையும் பாக்கையும் சுமந்தன. பதுளை அதிகாரியாயிருந்த மேஜர் ரொஜர்ஸ் ஊவாவில் வீதிகள் பல அமைத்தார்; எண்ணற்ற யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்ற பழியும் அவருக்குண்டு. 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் மாண்டார். அவர் நினைவாக எழுந்த சென். மார்க்ஸ் தேவாலயம் இன்றும் பதுளையில் நிற்கின்றது. பின்னர்க் கோப்பி மூட்டைகளை மாட்டுக் கரத்தைகள் இழுத்தன. கோப்பி நோயால் அழிந்து தேயிலை தழைத்தது. 1924 இல் புகையிரதம் பதுளையை எட்டியது. ஆயினும் புகையிரதம் நிலையம் வரைக்கும்தான் வரும். மலை மடிப்புக்குள் இருக்கும் மடுவத்துக்கு வராது. நிலையத்துக்கும் மடுவத்துக்கும் இடையேயுள்ள அந்தச் சில மைல்களே லொறிக்கும், பிற்காலத்தில் பிக்அப் வண்டிக்கும் உரிய களமாயின.

கொழுந்து காத்திருக்காத சரக்கு. பறித்த இலையின் எடையில் முக்காற் பங்குக்கு மேல் நீரே. அதனை மூட்டையில் அமுக்கி அடைத்து வெயிலில் வைத்தால் சில மணி நேரத்தில் உள்ளே சூடேறி, இலை சிவந்து கெடும். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கும் என்பது பொதுக் கணக்கு. ஒரு டன் கொழுந்து கெட்டால் இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட தேயிலையின் தரம் கெட்டது எனலாம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று மலைகளைக் கடந்து வறண்டு வீசும் காலத்தில் விளையும் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணமும் தனி மதிப்பும் உண்டு. அக்காலத்தில் ஒரு பொழுது தாமதமும் நட்டமே. ஆதலால் சிறு தோட்ட உடைமையாளர் வண்டியின் பின்தட்டையே முதலில் அளந்து பார்க்கின்றனர். ஒற்றைக் கெப் வண்டியில் தட்டு ஏழடிக்கு மேல் நீளும். டபுள் கெப்பில் அது ஏறத்தாழ ஐந்தடியாகக் குறைந்துவிடும். வாங்கிய மறுவாரமே தட்டைச் சுற்றி இரும்புச் சட்டம் அடித்து, காற்றோட்டம் விட்டு, மேலே படங்கு போர்த்துவது இவ்வூர் வழக்கம்.

வெலிமடைப் பக்கத்து விவசாயிகளுக்கு இதே தட்டு வேறொரு காரணத்திற்காக வேண்டும். வயலில் நெல்லுக்கு மாற்றாக உருளைக்கிழங்கு பயிரிடும் ஊர் அது. போஞ்சியும் கரட்டும் கிழங்கும் ஏற்றி, கெப்பெட்டிபொலப் பொருளாதார மத்திய நிலையத்தில் விலை இறங்குமுன் சேர்த்தாக வேண்டும். அவர்கள் கேட்பது வேகமன்று. ஒரு டன் ஏற்றினாலும் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரம் தூக்காதிருக்கின்ற பலமான அடிச்சட்டமும், இரும்புப் பட்டை வில்களுமே.

வண்டி வாங்குவோர் அனைவரும் ஏற்றத்தைப் பற்றித்தான் கேட்பர் என்று எண்ணுவோர் உளர். மடுல்சீமைப் பக்கத்தில் பல்லாண்டு வண்டியோட்டிய முதியவர் ஒருவர் எமக்குச் சொன்ன விடை அவ்வெண்ணத்தை மாற்றியது. “ஏறாமல் நின்றால் சக்கரத்துக்குக் கல்லை வைக்கலாம். இறங்கும்போது நிற்காவிட்டால் எதை வைப்பது, ஐயா?” என்றார் அவர்.

அவர் கூற்றைக் கணக்காகவும் காட்டலாம். சுமையோடு மூன்று டன் எடையுள்ள வண்டி அப்புத்தளையிலிருந்து பதுளைக்கு இறங்கும்போது வெளிப்படும் சக்தி முழுவதும் வெப்பமாக மாறிப் பிரேக்கிலேயே தேங்குமாயின், அறுபது லீற்றருக்கு மேற்பட்ட குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதும். அவ்வெப்பத்தில் ஒரு பகுதியைக் காற்றும் இயந்திரமும் ஏற்றுக்கொள்ளினும், காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்து இறங்குபவனுக்கு அது பிடியை இழந்துவிடும். டீசல் இயந்திரம் குறைந்த சுழற்சியிலேயே வலிமையாக இழுக்கும். ஏற்றத்துக்கு அது உத்தமம். இறக்கத்திலோ பெற்றோல் இயந்திரம் காற்றுப் பாதையை அடைத்து வண்டியை இழுத்துப் பிடிப்பது போல் அது பிடிப்பதில்லை. பெரிய லொறிகளில் புகைபோகும் குழாயை அடைத்து வேகத்தைத் தணிக்கும் கருவி பொருத்தப்படுவது இக்காரணம் பற்றியே. பிக்அப் வாங்குவோனோ தாழ்ந்த கியரையும், நான்கு சக்கரத்துக்கும் உரிய ‘லோ’ கியரையும், அகன்ற பிரேக்கையுமே நம்ப வேண்டியவனாகின்றான். பசறையில் 2021 மார்ச் 20 இல் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டதை இப்பகுதியார் மறக்கவில்லை. பள்ளத்தின் ஓரத்தில் வாழ்வோர்க்கு வண்டி நிற்பதே முதற் கேள்வி.

அடுத்த கேள்வி பழுது பற்றியது. இன்றைய டீசல் இயந்திரங்கள் எரிபொருளை மிக உயர்ந்த அழுத்தத்தில் நுண்துளைகள் வழியே தெளிப்பவை. டீசலில் நீரோ அழுக்கோ கலந்திருப்பின் அவை தாங்கா. புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி பொருத்திய வண்டிகளும் வந்துள்ளன. பெருந்தெருவில் நெடுநேரம் ஓடினால் அவ்வடிகட்டி சூடேறித் தன் கரியைத் தானே எரித்துத் தூய்மையாகும். மடுவத்துக்கும் தொழிற்சாலைக்குமாக இரண்டு மைல் ஊர்ந்து திரியும் வண்டியிலோ அது அடைபட்டு நின்றுவிடும். நகரத்துக் காற்றுக்கு நன்மை செய்யும் சாதனம், தோட்டத்து வீதியில் தொல்லையாகின்றது. ஆகவேதான் பண்டாரவளையில் திருத்தக்கூடியது, பதுளையில் உதிரிப்பாகம் கிடைக்கக்கூடியது என்ற இரண்டும் திரையிலும் ஆசனத்தோலிலும் மேலான சிறப்புகளாக இங்கே மதிக்கப்படுகின்றன. கையில் பணம் குறைந்தோர் ‘டிமோ பட்டா’ என்று ஊரார் அழைக்கும் சின்னஞ்சிறு டாட்டா வண்டியோடு நிறைவடைவதும், இந்திய மஹிந்திரா பொலேரோவை நாடுவதும் இதனாலேயே.

எரிபொருட் செலவை இங்கு எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2022 தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், அவ்வாண்டு ஜூன் இறுதியில் 460 ரூபாவாயிற்று. நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசைகள் நின்றன. அவ்வரிசையில் மரக்கறியோடு காத்து நின்றவன், இன்று விற்பனையாளரிடம் முதலில் கேட்பது ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதையே. அதிலும் விளம்பரத்தில் அச்சிட்ட கணக்கை அவன் ஏற்பதில்லை. சுமையோடு ஏறிய கணக்கையே கேட்கின்றான்.

இவையனைத்தினும் முக்கியமான ஒன்று எஞ்சியுள்ளது. தோட்டத்து லயங்கள் பல பெருவீதியிலிருந்து மைல்கணக்கில் உள்ளே இருப்பவை. பிரசவ வேதனை கண்ட பெண்ணையும், மலையில் வழுக்கி வீழ்ந்த தொழிலாளியையும் கொழுந்து லொறியின் தட்டில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்ற கதை, மலையகத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரிந்த கதை. 2016 இல் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதும் பரவிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை பெரும் ஆறுதல். ஆயினும் மழை கரைத்த கல்வீதியில், சந்தி வரை நோயாளியைக் கொண்டுவருவதற்கு ஊரிலுள்ள யாரோ ஒருவரின் வண்டியே கதி. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மண் மூடியதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பட்ட துன்பத்தையும் எண்ணும்போது, உயரமாய் நிற்கும் அடிப்பாகமும் நான்கு சக்கர இழுவையும் ஆடம்பரமல்ல என்பது விளங்கும்.

இதனாற்றான் தட்டு நீளமா, பின்னாசனமா என்ற கேள்வி இங்கு ஒரு குடும்பத்துக்குள்ளேயே வாதமாகின்றது. கணவன் ஏழடித் தட்டைக் கேட்கின்றான். மனைவி பின்னால் ஓர் ஆசனம் இருக்கட்டும் என்கின்றாள். தலைமுறை தலைமுறையாய்க் கொழுந்து மூட்டைகளின்மேல் அமர்ந்து சென்றவர்களின் பெண்மக்கள், தம் குழந்தைகள் கதவு மூடிய வண்டிக்குள் அமர்ந்து செல்லவேண்டும் என விரும்புவதில் நியாயமுண்டு. டபுள் கெப் என்றால் அரசியல்வாதியின் வண்டி என்று எள்ளுவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் நன்று. தட்டையும் ஆசனத்தையும் ஓரளவு இணைக்கும் ஒன்றரைக் கெப் வண்டிகள் தாய்லாந்தின் சாலைகளில் ஏராளமாக ஓடுகின்றன. அவை இங்கும் மலிவாகக் கிடைக்குமாயின், ஊவாவின் பல இல்லங்களில் வழக்குத் தீரும்.

புது வண்டி வாங்க எண்ணும் அன்பர்க்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: விற்பனை நிலையத்தின் சமதரை வாசலில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யற்க. இயலுமாயின் தட்டில் சுமையேற்றி, மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், அப்புத்தளையிலிருந்து பதுளை வரை இறங்கிப் பாருங்கள். வீட்டாரையும் உடன் ஏற்றிச் செல்லுங்கள். அவர்கள் அச்சமின்றி அமர்ந்து வந்தார்களாயின், விலையைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.