சென்ட் கணக்கு பேசும் ஊரில் பண்ணயம்

வெளியூர் விவசாயிகள் எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் அடுத்துக் கேட்பது, “சென்ட் இப்ப என்ன விலைங்க?” என்பதைத்தான். கோவை வடவள்ளியைத் தாண்டி, தொண்டாமுத்தூர் போகும் பக்கத்தில் உள்ள ஊர். வடவள்ளி பேரூராட்சி 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தது. அதையொட்டி எங்கள் பக்கமும் ஏக்கர் பேச்சு போய் சென்ட் பேச்சு வந்தது. இப்போது சதுர அடியில் பேசுகிறார்கள்.

இது என் மனைவியின் ஊர். மாமனார் காலத்துத் தோட்டம் இரண்டு ஏக்கர் எங்கள் பொறுப்பில் இருக்கிறது. நான் வேளாண்மை அலுவலராக வேலை பார்ப்பது வேறு வட்டாரத்தில். காலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மட்டும் விவசாயி. தோட்டத்துக்கு வடக்கே வில்லாக்கள், கிழக்கே அடுக்குமாடி. மேற்கே ஒரு பெரியவரின் மூன்று ஏக்கர். அதற்கு அப்பால் மலை தெரியும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரோடு நன்றாக இருக்கிறது. நடுராத்திரி நெஞ்சு வலி என்றாலும் இருபது நிமிடத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். பெண் பிள்ளைகள் ஸ்கூட்டரில் கல்லூரிக்குப் போய் வருகிறார்கள். இதெல்லாம் இல்லாத ஊர்களில் வேலை பார்த்தவன் என்பதால், இதன் அருமை எனக்குத் தெரியும்.

ஆனால் களை எடுக்க ஆள் கிடையாது. முன்பு தோட்டத்துக்கு வந்த பெண்கள் இப்போது வில்லாக்களில் வீட்டு வேலை பார்க்கிறார்கள். நிழல், மாதச் சம்பளம், தீபாவளிக்குப் புடவை. வெயிலில் குனிந்து நிற்பதைவிட அது மேல்தான், குறை சொல்ல மாட்டேன். நாங்கள் தள்ளியுள்ள ஊரிலிருந்து வேன் வைத்து ஆள் கூட்டி வருகிறோம். கூலியோடு வேன் வாடகையும் சேர்ந்துகொள்கிறது. உள்ளூரில் டிராக்டர் வைத்திருந்தவர் விற்றுவிட்டார். உரக்கடை இருந்த இடத்தில் பேக்கரி. மோட்டார் காயில் கட்டுகிறவர் ஏசி சர்வீசுக்கு மாறிவிட்டார்.

ஒரு தோட்டம் தனியாக நிற்க முடியாது என்பதை இங்கேதான் கண்ணால் பார்த்தேன். சுற்றி இருபது தோட்டம் இருந்தால் உழவுக்கு வண்டி தானாக வரும், வாழைத்தார் எடுக்க வியாபாரியும் வருவார். இரண்டே தோட்டம் என்றால், “டீசல் செலவுக்கே கட்டாதுங்க” என்கிறார்கள். மண் அதே மண்தான். கிணற்றிலும் ஏதோ தண்ணீர் இருக்கிறது. ஆனாலும் பண்ணயம் தடுமாறுகிறது.

அடுத்து மயில். நிலக்கடலை, மக்காச்சோளம் விதைத்தால் முளைக்கும் முன்பே கிளறித் தின்றுவிடும். தக்காளியைக் கொத்திப் போடும். நம் தேசியப் பறவை, 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பது. கை வைக்கக் கூடாது, வைக்கவும் வேண்டாம். எங்கள் ஊரில் முன்பு கிளுவை வேலி போட்ட இட்டேரிகள் இருந்தன. அதில் கீரி, பாம்பு, குள்ளநரி எல்லாம் குடியிருந்தன. நரிதான் மயில் முட்டையைத் தின்று கணக்கைச் சரி செய்தது என்பார் பெரியவர். இட்டேரிகள் தார் ரோடாகிவிட்டன. போதாததற்கு, வில்லா மொட்டை மாடிகளில் தினமும் மயிலுக்கு அரிசி வைத்து போட்டோ எடுக்கிறார்கள். அங்கே காலைப் பலகாரம், என் தோட்டத்தில் மதியச் சாப்பாடு! நான் கடலையை விட்டுவிட்டு, மயில் சீண்டாத கறிவேப்பிலைக்கு மாறினேன்.

புகார்களும் வரும். தொழு உரம் கொட்டிய அன்று நாற்றம் என்று ஒருவர் போலீஸ் வரைக்கும் போனார். தோட்டத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்கிவிட்டுச் சாணி வாசத்தைக் குற்றம் சொன்னால் என்ன செய்வது? ஆனால் மருந்து அடிப்பதைப் பற்றிச் சொன்னார்களே, அதில் நியாயம் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் விளையாடுகிறார்கள். காற்று இல்லாத விடியற்காலையில், முதல் நாளே தகவல் சொல்லிவிட்டுத்தான் இப்போது அடிக்கிறோம். வேப்பெண்ணெயில் முடிகிற பூச்சிக்கு வேறு மருந்தைத் தொடுவதில்லை.

அவர்களோடு பேச்சு வார்த்தை வந்தது தென்னையால்தான். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ பிறகு இங்கேயும் வந்து, வில்லா மரங்களின் கீழ் நின்ற கார்கள் எல்லாம் பிசுபிசுத்துக் கருப்பாகின. கடும் விஷ மருந்து அடிக்க ஆள் தேடினார்கள். அடித்தால் ஈயை அழிக்கும் என்கார்சியா குளவியும் செத்துப்போகும் என்று விளக்கினேன். ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவது, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி, கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைசல், இவ்வளவுதான். மரங்கள் தேறின. அதற்குப் பிறகுதான், மயிலுக்கு அரிசி வைக்காதீர்கள் என்று நான் சொன்னது அவர்கள் காதில் ஏறியது. பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள். எட்டு வீட்டார் வாழைக்காயையும் கீரையையும் தோட்டத்திலேயே வந்து வாங்குகிறார்கள்.

விற்கலாமா என்று இதேபோன்ற ஊர்களிலிருந்து கேட்கிறவர்களுக்கு ஒரு விஷயம். ஊராட்சியில்தானே இருக்கிறது, விவசாய நிலத்துக்கு வரி இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள மாநகராட்சி எல்லையிலிருந்து நேர்க்கோட்டில் 8 கிலோமீட்டருக்குள் நிலம் இருந்தால், விற்ற லாபத்துக்கு வருமான வரி உண்டு. ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகராட்சி என்றால் 6 கிலோமீட்டர். பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர். விற்பதற்கு முந்தைய இரண்டு வருடம் அதில் விவசாயம் செய்திருந்து, விற்ற இரண்டு வருடத்துக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால், வாங்கிய அளவுக்கு வரிச் சலுகை கிடைக்கும். அதனால் வருடா வருடம் அடங்கலில் பயிரைப் பதிந்து வையுங்கள். முன்பணம் வாங்குவதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

இதைப் பெரியவருக்கும் சொன்னேன். அவருக்கு வயது எழுபது தாண்டிவிட்டது. மகன் பெங்களூரில். ஞாயிறு தவறாமல் புரோக்கர் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். எனக்கு வண்டித்தடமும் வாய்க்காலும் அவர் நிலத்தின் வழியாகத்தான் வருகின்றன. அந்த மூன்று ஏக்கர் சைட் ஆனால் என் இரண்டு ஏக்கர் தனித்தீவுதான். “மாப்பிள்ளை, நீங்க இருக்கறதா இருந்தாச் சொல்லுங்க, நானும் இருக்கறேன்” என்றார். “இருக்கறேனுங்க மாமா” என்றேன். எனக்கு ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. என் மகளுக்குத் தோட்டத்தில் ஆர்வம் உண்டா என்று இன்னும் கேட்கவில்லை.

போன மாதம் பெரியவர் ஒரு ஏக்கரில் நேந்திரன் கன்று வைத்திருக்கிறார். தார் வெட்டப் பத்து மாதத்துக்கு மேல் ஆகும். புரோக்கர் போன ஞாயிறும் வந்திருந்தார்.